வரைபடம், மானி, பட்டியல்: எண்ணூரில் மனித உரிமைத் தரவுகள்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று, 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாராகி 1996இல் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்றது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் உப்பங்கழியும் சதுப்பும் சேர்ந்து ஏறத்தாழ 6,500 ஏக்கர் அதில் நீர்ப்பரப்பாக, கட்டுமானம் கூடாத இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று, பின்னாளில் துறைமுகப் பகுதித் திட்டங்களுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. அதில் கழி இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய தாள்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகே, 2017இல், இந்த வேறுபாடு வெளியே வந்தது. ஆற்றைத் தூர்க்கிறார்கள் என்று காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இறால் பிடிக்கிறவர்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது அது வெறும் புலம்பலாகக் கேட்டது. இரண்டாவது தாள் கிடைத்ததும் அதே பேச்சு குற்றச்சாட்டாயிற்று.

வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலை வட்டாரத்தில் உரிமைச் சண்டைகள் பெரும்பாலும் கடைசியில் ஒரு பதிவில்தான் போய் முட்டுகின்றன. ஒரு வரைபடம், ஒரு மானியின் அளவு, ஒரு பயனாளிப் பட்டியல். அந்த முதல் பதிவை எழுதும் வாய்ப்பு, அது உண்மையாக இருந்தால் யாருக்கு நட்டமோ அவரிடமே பல நேரங்களில் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் அருகே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதியபோது துறைமுகத்தின் முதல் அறிக்கை எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் கசடு அள்ளினார்கள். அள்ளியது நூறு டன்னைத் தாண்டியது. மனித உரிமைக் களப்பணியில் தகவல் நிர்வாகம் என்பது முதல் அறிக்கைக்கும் வாளிக்கும் இடையிலான இந்தத் தூரத்தை, பின்னால் யாரும் மறுக்க முடியாதபடி எழுதிவைக்கும் வேலை.

சுற்றுச்சூழலை மனித உரிமைக் கணக்கில் சேர்ப்பது பற்றி இன்று சட்டத்தில் தயக்கம் கிடையாது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் மாசற்ற நீரும் காற்றும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை 28 அன்று அதையே உலகளாவிய உரிமையாக ஏற்றது. ஆனால் பதிவேட்டைப் பொறுத்தவரை இந்த வகை உரிமை மீறல் தொல்லை பிடித்தது. காவல் நிலையச் சித்திரவதைக்கு ஒரு நாள், ஒரு அறை, ஒரு அடித்தவர் உண்டு. சாம்பலுக்கு அப்படி எதுவும் இல்லை. 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், இன்றும் இயங்கும் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், 2001இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் என்று ஒரே காற்றுக்கும் ஒரே ஆற்றுக்கும் பங்காளிகள் பலர். சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் செப்பாக்கத்தில் ஒரு குழந்தைக்கு இருமல் என்றால் அதை எந்தத் தேதியில், யார் பெயரில் எழுதுவது?

இந்தச் சிக்கலுக்கு உலக அளவில் வழங்கும் விடை எளிய வாக்கிய இலக்கணம்தான்: யார், யாருக்கு, என்ன செய்தார். 1982இல் தொடங்கிய ஹூரிடாக்ஸ் என்ற மனித உரிமை ஆவண வலையமைப்பு, நிகழ்வு ஒரு தாள், ஆள் ஒரு தாள், செயல் ஒரு தாள் என்று பிரித்து எழுதும் படிவங்களை உருவாக்கியது. அமெரிக்கப் புள்ளியியலாளர் பேட்ரிக் பால் 1990களில் அந்த இலக்கணத்தைக் கணினித் தரவுதளமாக்கும் முறையை எழுதினார். பிரிப்பதன் பயன் சுலபமாகப் புரியக்கூடியது. ஒரு நிகழ்வில் நூறு பேர் பாதிக்கப்படலாம். ஒரே ஆள் மூன்று நிகழ்வுகளில் பாதிக்கப்பட்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால் ஆட்களை எண்ணுகிறோமா சம்பவங்களை எண்ணுகிறோமா என்பது குழம்பிவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான்.

எண்ணூரில் இந்த இலக்கணத்தைப் பொருத்திப் பார்க்க 2023 டிசம்பர் 26 இரவு நல்ல இடம். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னிரவில் அளந்து வெளியிட்ட கணக்கு இது: ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா, வரம்பு 400, கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

வரம்பைப் போல ஐந்து மடங்கு என்பதால் செய்திகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. களப்பணியாளர் அதே எண்ணை இன்னொரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2,090 மைக்ரோகிராம் என்பது பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு. ஆலைத் தொழிலாளர் எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நெறிகள் அனுமதிக்கும் அளவு 25 பங்கு. மூன்று பங்கில் ஊரே மூச்சுமுட்டி ஓடாது. ஆகவே மக்கள் ஓடிய நேரத்தில் காற்றில் இருந்தது இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்திருக்க வேண்டும். அந்த உச்ச நேரத்தை வாரியம் வெளியிட்ட இந்த எண் பிடிக்கவில்லை. தவிரவும், 400 என்ற வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. ஒரு கண அளவை அதோடு ஒப்பிட்டு மிகை என்று சொல்வதும், நாளை யாராவது அதே 2,090ஐக் காட்டி இதற்கெல்லாம் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று வாதிடுவதும் ஒரே தவறின் இரு முனைகள்.

மானி தவறவிட்ட நேரத்துக்கு மிஞ்சியிருக்கும் பதிவு மனித உடம்புதான். கண் எரிந்த நேரம், ஓடிய திசை, வாந்தி எடுத்த இடம். இவற்றைக் கேட்டு வாங்குவது ஒரு கைத்தொழில். "வாயு வாடை அடித்ததா அக்கா?" என்று கேட்டால் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதே முறை. எத்தனை மணி என்று கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்தவர் தோராயமாகத்தான் சொல்வார். முதலில் யாருக்குப் போன் போட்டீர்கள் என்று கேட்டு, அவர் கையாலேயே கைபேசியின் அழைப்புப் பட்டியலைத் திறக்கச் சொன்னால் நிமிடம் கிடைத்துவிடும். பெரியகுப்பத்தில் ஒருவரும் சின்னகுப்பத்தில் ஒருவரும் சொன்ன நிமிடங்களை அன்றைய காற்றின் திசையோடு சேர்த்தால் வாயு நகர்ந்த வழி ஏறக்குறைய தெரியும். அதற்குப் பிறகு மருத்துவமனைத் தாள்: ஓ.பி. சீட்டு, ஸ்டான்லியிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவின் நகல், காவல் நிலையத்தில் மனுக் கொடுத்திருந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. ஏ.ஆர். போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதே அந்த நேரத்தில் பலருக்குத் தெரியாது. ஓ.பி. சீட்டோடு அனுப்பிவிட்டால் சம்பவத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எழுத்தில் வராமலே போய்விடும்.

வாக்குமூலத்தை எழுதும் மொழியும் தரவுதான். "கண்ணு எரிஞ்சிது, தொண்ட கட்டிக்கிச்சு, புள்ளைக்கு மூச்சே வர்ல" என்று சொன்னதைப் படிவத்தில் "கண் எரிச்சல், சுவாசக் கோளாறு" என்று சுருக்கி எழுதுவது வேகமான வேலை. நாற்பது பேருக்கும் அப்படி எழுதினால் நாற்பது வாக்குமூலமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். சொல்லிக்கொடுத்துச் சொன்னது என்ற சந்தேகத்துக்கு அதைவிடத் தீனி வேண்டியதில்லை. சொன்னது ஒரு கட்டத்தில், களப்பணியாளர் வகைப்படுத்தியது பக்கத்துக் கட்டத்தில் என்று இரண்டையும் வைத்திருப்பதே பாதுகாப்பு. பெயர்களுக்கும் இதே விதி. சில ஆண்டுகளாக எண்ணூர், பழவேற்காட்டு நீரில் அடர்ந்து பரவி இறாலுக்கு இடமில்லாமல் செய்யும் சிப்பியை மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். விஞ்ஞானிகள் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்கிறார்கள், தென்னமெரிக்காவிலிருந்து வந்த இனம். ஒரு பெயரை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்துச் சாட்சியம் மற்றப் பக்கத்து அறிக்கையோடு சேராது.

தேதி, இடம், ஆள் என்ற மூன்றும் குப்பத்தில் அரசுப் படிவத்தின் வடிவத்தில் கிடைப்பதில்லை. எண்ணெயில் வலை கறுத்தது எப்போது என்றால் மிக்ஜாம் புயல் அடித்து மூன்றாம் நாள் என்பார்கள். சாம்பல் குழாய் உடைந்தது எப்போது என்றால் அமாவாசைக்கு முந்தின நாள் என்பார்கள். இது குறைபாடு அல்ல. நிலவையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர் சொல்லும் அமாவாசை, யோசித்துச் சொல்லும் ஆங்கிலத் தேதியைவிட நம்பகமானது. நாட்காட்டியில் அதைத் தேதியாக்குவது பதிவாளரின் வேலை. மூலச் சொல்லையும் விடாமல் எழுத வேண்டும். இடத்துக்கு இரண்டு அடையாளம் வேண்டும்: கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, கூடவே ஊர்க்காரர் சொல்லும் பெயர். ஆட்பெயரில் முதலெழுத்துத்தான் பெருந்தொல்லை. ஒரே தெருவில் இரண்டு மூன்று முருகன் இருப்பது சகஜம். ஆங்கிலத்தில் ஒருவர் பெயரையே மூன்று விதமாக எழுதலாம். அதனால் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, பெயர்களை அந்த எண்ணுக்குக் கீழே வைப்பது வழக்கம்.

கருவிகளைச் சாதாரண மக்கள் கையில் கொடுக்கும் முயற்சி தமிழ்நாட்டில் புதிதல்ல. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2004 முதல் உள்ளூர்க் கண்காணிப்பாளர்கள் வாடைக் குறிப்பேடு வைத்தார்கள்: எந்த மணிக்கு, காற்று எந்தப் பக்கம், அழுகிய முட்டை வாடையா, மருந்து வாடையா. வாடை கடுமையானபோது, மூடிய வாளிக்குள் பொருத்திய பையில் சிறு பம்பினால் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவில் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்காக 1990களில் உருவான வாளி அது. அந்த வாளியில் கவனிக்க வேண்டியது அதன் கூடவே போகும் தாள். யார் பிடித்தார், எப்போது மூடினார், யார் கையில் கொடுத்தார், அவர் யாரிடம் ஒப்படைத்தார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து. தாள் இல்லாத பை வெறும் காற்று.

அரசின் மானிகளைக் குறைசொல்லும் முன் அவை எதற்காக அமைக்கப்பட்டவை என்பதைப் பார்க்க வேண்டும். தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்கள் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலியில் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 அளவு என்பது அவற்றின் கணக்கு. ஆண்டுச் சராசரிக்கு அது போதும். மீதி 261 நாளில் ஒரு ராத்திரி கொட்டிய கரித்தூள் அதில் வராது. ஆலைகளின் புகைபோக்கியில் பொருத்திய தானியங்கி மானிகள் வாரியத்துக்கு இடைவிடாமல் அளவுகளை அனுப்புகின்றன. அவற்றைத் தகவல் உரிமை மனு மூலம் கேட்டு வாங்கலாம். பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கேட்கும் விதத்தில் இருக்கிறது பாதி வெற்றி. "மாசு பற்றிய விவரம் தருக" என்ற மனுவுக்கு இணையதளத்தைப் பார்க்கவும் என்று ஒருவரிப் பதில் வரும். எந்த ஆலை, எந்தப் புகைபோக்கி, எந்த மாதம், பதினைந்து நிமிட அளவா மணிச் சராசரியா, மானி பழுதாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டவருக்கு அட்டவணை கிடைக்கும். மானி பழுதான நாட்களின் பட்டியல் சில சமயம் அளவுகளைவிடச் சுவாரசியமானது.

இன்று பெரும்பாலான சாட்சியம் கைபேசியில் பிறக்கிறது. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடுகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரமும் அழிந்துவிடுகிறது. அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் விவரம் தங்கும். எடுத்தவர் கைபேசியில் மூலப் படம் அழியாமல் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துடன் ஒரு சான்றிதழையும் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுதாக மாறிவிடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை என்பதால் அங்கே இவ்வளவு கெடுபிடி இராது. ஆனால் ஒரு படம் எந்த மன்றத்துக்குப் போகும் என்பது எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும், மின்னணுத் தகவலைக் கைக்கு வந்த நிலையிலேயே பாதுகாப்பதைத்தான் வலியுறுத்துகிறது.

பட்டியல் விஷயத்துக்கு வந்தால், வடசென்னையில் அதிகம் பேரைத் தொடும் தரவு அதுதான். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிக்கு வந்தபோது தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, படகுகளைச் சரிசெய்ய 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகிறது. கணக்குக்கு வெளியே நிற்பது அலகு. படகு ஓர் அலகு, குடும்பம் ஓர் அலகு. படகில்லாமல் கழியில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் எந்த அலகில் வருவார்? ஒரே ரேஷன் கார்டில் இரண்டு அடுப்பு எரியும் வீடு ஒரு குடும்பமா இரண்டா? எண்ணெய் நாறுகிறது என்று யாரும் வாங்காத மீனோடு சந்தையிலிருந்து திரும்பும் பெண்ணின் நட்டம், அவர் கணவர் பெயருக்கு எதிரே எழுதிய தொகைக்குள் அடங்குமா?

களப்பணியாளர்கள் தயாரிக்கும் மாற்றுப் பட்டியல் இந்த இடத்தில் பயன்பட வேண்டுமானால் அது தொகையிலிருந்து தொடங்கக் கூடாது. நாளிலிருந்தும் வலையிலிருந்தும் தொடங்க வேண்டும். எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை, எந்தக் கண்ணளவு வலை எத்தனை கறுத்தது, முந்தின ஆண்டு இதே மாதம் என்ன வரத்து. இதற்கு ஊரிலேயே ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. கழியில் இறால் வலை போடும் இடங்களைப் பாடு என்ற முறையில் ஊர்க்காரர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருடைய முறை எந்த நாளில் எந்த இடத்தில் என்பது ஊருக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவர் தயாரிக்கும் எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் அந்த முறைக்கணக்கின் அளவுக்கு நுணுக்கமாக இராது. அதைப் பார்க்காமல் புதுப் படிவம் அச்சடிப்பது பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும் வேலை.

எண்ணிக்கையில் ஒரு பொறி உண்டு. களப்பணியாளர் போன தெருவில்தான் புகார் கிடைக்கும். சாலையோரக் குப்பத்தில் 60, உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் 5 என்று வந்தால் பாதிப்பும் அந்த விகிதத்தில் என்று பொருளாகாது. நடந்து போன தூரம்தான் அதில் தெரிகிறது. தனித்தனியாகத் தயாரான பட்டியல்கள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றில் எத்தனை பெயர் பொதுவாக வருகிறது என்பதைக் கொண்டு, எதிலும் வராதவர் எத்தனை பேர் என்று மதிப்பிட முடியும். குளத்து மீனுக்கு அடையாளம் போட்டு விட்டுவிட்டு, மறுபடி வீசிய வலையில் அடையாள மீன் எத்தனை என்று பார்க்கும் கணக்கு அது. இலங்கைப் போரின் முடிவில் 2009 மே மாதம் சரணடைந்து காணாமல் போனோர் ஏறத்தாழ 500 பேர் என்று 2018இல் வெளியான மதிப்பீடு இப்படிப் பல பட்டியல்களைச் சேர்த்துச் செய்ததுதான். அதற்கு முன்நிபந்தனை, பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது.

தகவல் தந்தவரின் பாதுகாப்பு எண்ணூரில் தனி வடிவம் எடுக்கிறது. ஆலையின் புகையைப் பற்றிச் சாட்சி சொல்பவரின் மகன் அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கக்கூடும். பெயரை மறைத்தால் போதும் என்பது நகரத்து நினைப்பு. 'நாற்பது வயது, இரண்டு படகு, ஆலையில் வேலை பார்க்கும் மகன்' என்று எழுதினால் குப்பத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே பெயரும் எண்ணும் சேர்ந்த சாவிப் பட்டியல் ஓரிடத்திலும், எண்ணும் வாக்குமூலமும் சேர்ந்த கோப்பு இன்னோரிடத்திலும் இருக்க வேண்டும். சம்மதமும் ஒரே கையெழுத்தில் முடிவதில்லை: எழுதிக்கொள்ளலாமா, நீதிமன்றத்துக்குக் கொடுக்கலாமா, பத்திரிகையில் போடலாமா என்று மூன்று கேள்வி, மூன்று விடை. தேவையில்லாத ஆதார் நகலை வாங்கி வைப்பது சட்டச் சிக்கலும்கூட. தன் கட்டுப்பாட்டில் உள்ள மின்னணுத் தனிநபர் தரவுக்கு வைத்திருப்பவரைப் பொறுப்பாக்குகிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) உட்பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலை மறுப்பதை அலுவலகங்களுக்கு எளிதாக்கிவிட்டது. பயனாளிப் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது இனிக் கடினமாகும். 8(2)ஆம் பிரிவின் பொதுநலக் காரணம் மட்டும் இன்னும் மிச்சம்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதைக் காலக்கெடுக்கள் ஓரளவு தீர்மானிக்கின்றன. சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பிறகு மனித உரிமை ஆணையம் விசாரிக்க முடியாது என்கிறது 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2)ஆம் பிரிவு. பசுமைத் தீர்ப்பாயத்தில் சுற்றுச்சூழல் தாவாவுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஐந்து ஆண்டு. போதிய காரணம் இருந்தால் இரண்டுக்கும் மேலும் 60 நாள். ஆணையத்துக்குப் போக வேண்டிய தாள்களை முதல் மாதத்திலேயே தனியாகப் பிரித்துவிடுவது நல்லது. இழப்பீட்டுக்கான கோப்பு ஐந்து மழைக்காலம் தாக்குப்பிடிக்க வேண்டும். எண்ணூரில் அது சாதாரண விஷயமில்லை. எண்ணெய் வந்த அதே வெள்ளம் வீட்டுக்குள்ளும் வந்து ரேஷன் கார்டையும் ஓ.பி. சீட்டையும் நனைத்தது. நோட்டு ஊரில் இருக்கலாம், அதன் ஒரு பிரதி கழிக்கு எட்டாத உயரத்தில் வேறு ஊரில் இருக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் சாவிப் பட்டியலையும் அடையாள அட்டை நகல்களையும் அழித்துவிடலாம். வரைபடங்கள், மானி அட்டவணைகள், வாடைக் குறிப்பேடு ஆகியவற்றுக்கு அழிக்கும் தேதி போடத் தேவையில்லை. 1996இல் ஒப்புதலான தாள் 2017இல்தான் வேலைக்கு வந்தது.